ஜாக்பாட் பென்சில்வேனியாவில், வீடு நியூஜெர்சியில்: வரி எங்கே கட்டுவது?

வாசகர் கேள்வி:

"ஐயா, வணக்கம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளோடு நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். எச்-1பி விசாவில் வந்து பத்து வருடமாகிறது. இருவர் சம்பளமும் சேர்த்து வருடத்துக்கு 1,30,000 டாலர். 2025 அக்டோபரில் நண்பர்களோடு பென்சில்வேனியாவில் பெத்லஹேம் ஊரிலிருக்கும் கேசினோவுக்குப் போனேன். ஸ்லாட் மெஷினில் 20,000 டாலர் ஜாக்பாட் விழுந்தது. வரி பிடிக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டேன். இப்போது சூதாட்டத்தில் ஜெயித்த தொகையைக் காட்டும் டபிள்யூ-2ஜி படிவம் வந்திருக்கிறது. இரண்டு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் நியூஜெர்சியில் மட்டும் கட்டினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். இரண்டிலும் கட்ட வேண்டும், ஆனால் வெளிமாநிலத்தவர் என்பதால் பென்சில்வேனியாவில் கிரெடிட் கேட்கலாம் என்கிறார் இன்னொருவர். அதே வருடம் அட்லாண்டிக் சிட்டியில் 7,000 டாலர் வரை விட்டிருக்கிறேன். அதைக் கழிக்கலாமா? அப்பா சுற்றுலா விசாவில் வந்திருந்தார், அன்று பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரில் வாங்கியிருந்தால் வரி இல்லாமல் போயிருக்குமா? ராத்திரி தூக்கமே வருவதில்லை."

பதில்:

அன்புள்ள எடிசன் வாசகருக்கு வணக்கம்.

முதலில் உங்களைத் தூங்க விடாத கேள்விக்கு வருகிறேன். இரண்டு மாநிலத்திலும் ரிட்டர்ன் போட வேண்டும். ஆனால் முறையாகப் போட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு முழு வரி விழாது. பென்சில்வேனியாவுக்குக் கட்டுவதில் பெரும்பகுதியை நியூஜெர்சி உங்களுக்கு விட்டுக்கொடுக்கும். உங்கள் நண்பர்கள் இருவரும் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். தவறான அந்த மறுபாதிதான் காசைக் கரைக்கும்.

ஒப்பந்தம் இருப்பது உண்மை. நியூஜெர்சியில் குடியிருந்துகொண்டு பென்சில்வேனியாவில் வேலை பார்ப்பவருக்கு அங்கே மாநில வருமான வரி பிடிக்க மாட்டார்கள், இங்கே கட்டினால் போதும். இந்தப் பக்கம் வேலைக்கு வரும் பென்சில்வேனியாக்காரருக்கும் அப்படித்தான். ஆனால் அது சம்பளத்துக்கு மட்டுமான ஒப்பந்தம். வாடகை, தொழில் லாபம், சூதாட்டப் பணம் எதுவும் அதில் சேராது. இந்த ஒரு விஷயத்தில் படித்தவர்கள்கூடத் தடுக்கி விழுவதை வருடாவருடம் பார்க்கிறேன். சம்பள ஸ்லிப்பில் பென்சில்வேனியா வரி இல்லாததைப் பார்த்துப் பழகியவர்கள், அந்த மாநிலத்தோடு நமக்குக் கணக்கே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

உங்கள் டபிள்யூ-2ஜி படிவத்தை எடுத்துப் பாருங்கள். 1-ஆம் பெட்டியில் 20,000 இருக்கும். மாநிலத்தில் பிடித்த வரிக்கான 15-ஆம் பெட்டி காலியாக இருக்கும். காலியாக இருந்தால் வரி இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்லாட் ஜாக்பாட்டுக்கு மத்திய வரியையே கட்டாயமாகப் பிடிப்பதில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்டார்கள். பிடிப்பது வேறு, வரி விழுவது வேறு. அந்தப் படிவத்தில் மாநில வரித்துறைக்கென்றே ஒரு பிரதி உண்டு. நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பென்சில்வேனியாவின் வருமான வரி எல்லோருக்கும் ஒரே விகிதம், 3.07 சதவீதம். அந்த மாநிலத்தில் 33 டாலருக்கு மேல் வரிக்குரிய வருமானம் வந்தாலே ரிட்டர்ன் போட வேண்டும். 33 ஆயிரம் அல்ல, வெறும் 33 டாலர். ஆக பிஏ-40 படிவத்தை, வெளிமாநிலத்தவர் என்று குறித்து, சூதாட்ட வருமானத்துக்கான 'டி' (ஆங்கில T) அட்டவணையோடு போடுவீர்கள். வரி 614 டாலர்.

இனி கிரெடிட், அதாவது ஒரு மாநிலத்தில் கட்டிய வரியை இன்னொரு மாநிலத்தின் வரியிலிருந்து கழித்துக்கொள்வது. உங்கள் இரண்டாவது நண்பர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். பணம் விழுந்த மாநிலம் வெளிமாநிலத்தவருக்குக் கிரெடிட் தராது, அது தன் வரியை முழுசாக வாங்கிக்கொள்ளும். கிரெடிட் தர வேண்டியது நீங்கள் குடியிருக்கும் மாநிலம். குடியிருப்பவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அந்த வருமானத்துக்கு வரி கேட்கும் உரிமை நியூஜெர்சிக்கு இருக்கிறது. அந்த உரிமையோடு, வேறு மாநிலம் வாங்கிய வரிக்குக் கிரெடிட் தரும் பொறுப்பும் வருகிறது. 2015-இல் மேரிலாந்து மாநிலத்துக்கும் வின் என்ற தம்பதிக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் தொட்டது. வேறு மாநிலங்களில் வந்த வருமானத்துக்கு மேரிலாந்து மாநில வரியில் கிரெடிட் கொடுத்தது, கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர்ப் பிரிவு) வரியில் கொடுக்கவில்லை. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எனவே கிரெடிட் கேட்பதை யாரோ போடும் பிச்சை என்று எண்ணித் தயங்க வேண்டாம்.

நியூஜெர்சியில் இதற்கான அட்டவணையின் பெயர் என்ஜே-சிஓஜே. அதன் கணக்கைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மென்பொருள் போட்டுத் தரும் எண் சரியா தவறா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். இரண்டு தொகைகளில் எது சிறியதோ அதுதான் கிரெடிட். ஒன்று, பென்சில்வேனியாவுக்கு நிஜமாகக் கட்டிய வரி. மற்றொன்று, உங்கள் மொத்த நியூஜெர்சி வரியில் அந்த வருமானத்துக்கு விழும் பங்கு.

உங்கள் கணக்கையே போடுவோம். அட்லாண்டிக் சிட்டி நஷ்டத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். சம்பளம் 1,30,000, ஜாக்பாட் 20,000, மொத்தம் 1,50,000. கணவன் மனைவிக்கு ஆளுக்கு 1,000, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,500 என்று விலக்கு 5,000 போக, வரிக்குரியது 1,45,000. சேர்ந்து ரிட்டர்ன் போடும் தம்பதிக்கு நியூஜெர்சி வரி ஏறக்குறைய 5,236 டாலர். மொத்த வருமானத்தில் ஜாக்பாட்டின் பங்கு 13.33 சதவீதம். 5,236-இல் அந்தப் பங்கு 698. பென்சில்வேனியா வரி 614. சிறியது 614, அது முழுசாகவே கிரெடிட்டாக வந்துவிடும். ஜாக்பாட் இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் நியூஜெர்சி வரி 4,131 ஆகியிருக்கும். ஆக ஜாக்பாட்டால் கூடும் மாநில வரி 1,105 டாலர். அதில் 614 பென்சில்வேனியாவுக்கு, 491 நியூஜெர்சிக்கு. வீட்டு வரிக் கழிவு கேட்பவர்களுக்கு எண்கள் கொஞ்சம் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பங்கு உங்கள் சராசரி வரி விகிதத்தை வைத்துப் போடப்படுகிறது. கடைசி டாலருக்கு விழும் விகிதத்தை வைத்து அல்ல. உங்கள் வருமானத்தில் கடைசி டாலருக்கு நியூஜெர்சி 5.525 சதவீதம் வாங்குகிறது. பென்சில்வேனியாவின் 3.07 அதைவிடக் குறைவுதானே, எப்படியும் முழுக் கிரெடிட் வந்துவிடும் என்று தோன்றும். அப்படிச் சொல்ல முடியாது. இதே இரண்டு பிள்ளைகள், இதே ஜாக்பாட், ஆனால் சம்பளம் 80,000 மட்டும் உள்ள குடும்பத்தைப் பாருங்கள். மொத்தம் 1,00,000, வரிக்குரியது 95,000, நியூஜெர்சி வரி ஏறக்குறைய 2,474. ஜாக்பாட்டின் பங்கு 20 சதவீதம், அதாவது 495 டாலர். பென்சில்வேனியாவுக்குக் கட்டியது 614. கிரெடிட் 495 மட்டுமே. மீதி 119 டாலர் திரும்பாது. அவர்களுக்கும் கடைசி டாலருக்கு 5.525 சதவீதம்தான், ஆனாலும் இப்படி ஆகிறது. குறைந்த சம்பளக்காரருக்கு இது அதிகமாக வலிக்கிறது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் சட்டத்தின் கணக்கு அதுதான்.

சரி, அட்லாண்டிக் சிட்டியில் விட்ட 7,000. இதற்கு ஒரே பதில் இல்லை. மூன்று இடத்தில் மூன்று விதம்.

மத்திய வரியில், கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுப் போடுபவர்களுக்கு மட்டுமே சூதாட்ட நஷ்டம் கழியும், அதுவும் ஜெயித்த தொகை வரைக்கும்தான். 2025-க்குத் தம்பதிகளுக்கான நிலையான கழிவு 31,500 டாலர். வீட்டுக்கடன் வட்டி, மாநில வரிகள், நன்கொடை, இந்த நஷ்டம் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டினால்தான் பட்டியலிடுவதில் லாபம். மாநில, உள்ளூர் வரிக் கழிவின் உச்சவரம்பு 2025-இல் 10,000-லிருந்து 40,000 ஆக உயர்ந்திருப்பதால், எடிசனில் சொந்த வீடும் கடனும் உள்ளவர்கள் இந்த வருடம் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்ப்பது நல்லது. நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால் அந்த 7,000 மத்திய வரியில் உதவாது. 2026 முதல் இன்னொரு இடி. நஷ்டத்தில் 90 சதவீதம் மட்டுமே கழிக்க விடுவார்கள். 20,000 ஜெயித்து 20,000 விட்டவர்கூட, கையில் ஒன்றும் மிஞ்சாவிட்டாலும், 2,000 டாலருக்கு வரி கட்ட வேண்டி வரும்.

பென்சில்வேனியாவில், அந்த மாநிலத்தில் நீங்கள் வைத்த பந்தயப் பணத்தை ஆதாரத்தோடு கழிக்கலாம். அட்லாண்டிக் சிட்டியில் விட்டதை அங்கே கொண்டுபோக இடமில்லை. வெளிமாநிலத்தவரின் கணக்கில் அந்த மாநிலத்துக்குள் நடந்தது மட்டும்தான் வரும்.

நியூஜெர்சி இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். அந்த வருடத்து நஷ்டத்தை ஜெயித்ததிலிருந்து கழித்து மீதியை மட்டும் காட்டலாம். பட்டியலிடும் தொல்லை எதுவும் இல்லை. ஆக உங்கள் சூதாட்ட வருமானம் இங்கே 13,000 ஆகும். ஆனால் கிரெடிட்டும் அதோடு சுருங்கும். இரண்டு மாநிலமும் வரி போட்ட வருமானத்துக்குத்தான் கிரெடிட். பென்சில்வேனியா 20,000-க்கு வரி வாங்கியது, நியூஜெர்சி 13,000-க்கு மட்டும் வாங்குகிறது. எனவே 13,000-க்கான பென்சில்வேனியா வரியான 399 டாலருக்குத்தான் கிரெடிட். 7,000-க்குக் கட்டிய 215 டாலர் அங்கேயே நின்றுவிடும்.

அப்படியானால் நஷ்டத்தைக் காட்டாமல் விட்டால் கிரெடிட் கூடுதலாக வருமே என்று சிலர் கேட்பார்கள். போட்டுப் பார்த்தால் தெரியும். நஷ்டத்தைக் கழித்தால் வரிக்குரியது 1,38,000, நியூஜெர்சி வரி ஏறக்குறைய 4,850, கிரெடிட் 399 போக 4,451. ஜாக்பாட் இல்லாத வரியைவிட 319 அதிகம். பென்சில்வேனியாவின் 614-ஐச் சேர்த்தால் 933 டாலர். நஷ்டத்தைக் காட்டாவிட்டால் 1,105. ஆக கிரெடிட் குறைந்தாலும் உங்களுக்கு 172 டாலர் மிச்சம்தான். காட்டுங்கள்.

ஆனால் அந்த 7,000-க்கு ஆதாரம் இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் 'வரை' என்ற சொல்லைப் பார்த்ததும் கொஞ்சம் கவலையானேன். கேசினோ அட்டையைப் பயன்படுத்தி ஆடியிருந்தால் வருடக் கணக்கு கேட்டால் தருவார்கள். அது மட்டும் போதாது. எந்தத் தேதி, எந்த இடம், என்ன ஆட்டம், எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு வந்தது என்று எழுதிய குறிப்பு வேண்டும். கேசினோ ஏடிஎம் ரசீதும், சுங்கச்சாவடி ரசீதும்கூட நீங்கள் அன்று அங்கே இருந்ததற்குத் துணைச்சான்று. குறிப்பே எழுதவில்லை என்றால், வங்கிக் கணக்கையும் அட்டைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரூபிக்கக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள். அது 4,200 என்றால் 4,200 தான்.

அப்பா பெயரில் வாங்கியிருக்கலாமோ என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆடியவர் யாரோ அவருக்குத்தான் வரி. மாற்றி எழுதிக் கொடுப்பது பொய் அறிக்கை, உங்கள் விசா நிலையில் அது விளையாட்டல்ல. அது போக, அப்பாவுக்கு வரி குறைவு என்ற நினைப்பே தவறு. இங்கே ஒரு சொல் குழப்புகிறது. பென்சில்வேனியாவுக்கு நீங்கள் 'நான்ரெசிடென்ட்', ஆனால் மத்திய வரிக்கு, பத்து வருடமாக இங்கே இருப்பதால், ரெசிடென்ட். சுற்றுலா விசாவில் சில மாதம் வந்துபோகும் அப்பாதான் மத்திய வரிக்கு நான்ரெசிடென்ட். அவருக்கு ஸ்லாட் ஜாக்பாட்டில் நேராக 30 சதவீதம், அதாவது 6,000 டாலரைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்திருப்பார்கள். நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது. சில நாட்டுக்காரர்களுக்கு ஒப்பந்தத்தில் சூதாட்டப் பணத்துக்கு விலக்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. பிளாக்ஜாக், ரூலெட், பேக்கராட் போன்ற சில மேசை ஆட்டங்களில் ஜெயித்தால் நான்ரெசிடென்டுக்கு மத்திய வரி கிடையாது. ஸ்லாட் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கோ இந்த 20,000-க்கு மத்திய வரி 22 சதவீதப் படியில், 4,400 டாலர்தான் வரும்.

ஏன் இவ்வளவு அழுத்திப் பென்சில்வேனியா ரிட்டர்னைப் போடச் சொல்கிறேன் என்றால், ஒரு குடும்பம் பட்ட பாடு இன்னும் மனதில் இருக்கிறது. உங்களைப் போலவே நியூஜெர்சிக்காரர்கள், உங்களைப் போலவே எல்லை தாண்டி விழுந்த ஜாக்பாட். அப்போது ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் நியூஜெர்சியில் மட்டும் காட்டி முழு வரியும் கட்ட வைத்துவிட்டார். நாலு வருடம் கழித்து அந்த மாநிலத்திலிருந்து வரி, வட்டி, அபராதம் என்று கடிதம் வந்தது. கட்டினார்கள். பிறகு கிரெடிட்டுக்காகத் திருத்திய ரிட்டர்ன் போடலாம் என்று என்னிடம் வந்தார்கள். நியூஜெர்சியில் கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க ரிட்டர்ன் போட்டதிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. அது முடிந்துவிட்டிருந்தது. ரிட்டர்னே போடாதவரிடம் வரி கேட்க அந்தப் பக்கத்துக்குக் காலக்கெடு கிடையாது. திரும்பக் கேட்க இந்தப் பக்கம் உண்டு. எல்லோரும் பயப்படும் இரட்டை வரி அந்த வீட்டில் நிஜமாகவே விழுந்தது, அந்த ஒரு ரிட்டர்னைப் போடாததால். அந்த அம்மா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "நாங்க ஒண்ணும் மறைக்கலையே சார்" என்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. மறைக்கவில்லைதான்.

மற்ற மாநிலங்களில் இருக்கும் வாசகர்களுக்கும் சில வார்த்தைகள். லாஸ் வேகாஸில் ஜெயித்த நியூஜெர்சிக்காரருக்குக் கிரெடிட் இல்லை, ஏனென்றால் நெவாடாவில் மாநில வருமான வரியே இல்லை. இங்கே முழுசாகக் கட்ட வேண்டும். டெக்சாஸ் வாசகர்களுக்கு இது தலைகீழ். டாலஸிலிருந்து ஓக்லஹோமா எல்லைக்கும், ஹூஸ்டனிலிருந்து லூசியானாவின் லேக் சார்ல்ஸுக்கும் வார இறுதியில் போகிறவர்கள் நிறைய. ஓக்லஹோமாவில் 1,000 டாலர் வந்தாலே வெளிமாநிலத்தவர் ரிட்டர்ன் போட வேண்டும். லூசியானா 2025 முதல் ஒரே விகிதமாக 3 சதவீதம் வாங்குகிறது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால், கிரெடிட் கேட்கப் போக்கிடம் இல்லை. கட்டியது கட்டியதுதான். மிசிசிப்பி கேசினோக்களில், படிவம் கொடுக்கும் அளவு ஜெயித்தால், 3 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். அதுதான் இறுதி வரி, ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெற முடியாது. கலிபோர்னியாவில் இருந்துகொண்டு அரிசோனாவில் ஜெயித்தவர்களுக்கு, நான் மேலே சொன்னது அப்படியே தலைகீழாகிவிடும். அந்த இரண்டு மாநிலங்களுக்கு இடையே கிரெடிட்டை அரிசோனாவின் வெளிமாநிலத்தவர் ரிட்டர்னில்தான் கேட்க வேண்டும். உங்கள் இரண்டாவது நண்பர் மேற்குப் பக்கம் இருந்து வந்தவரோ என்னவோ.

உங்களுக்குச் செய்ய வேண்டிய வேலை இதுதான். முதலில் மத்திய ரிட்டர்ன். அப்புறம் பென்சில்வேனியாவின் பிஏ-40. அது முடிந்து வரி எவ்வளவு என்று உறுதியான பிறகுதான் நியூஜெர்சி. வரிசை மாறினால் மென்பொருள் கிரெடிட்டைப் பூஜ்யமாகக் காட்டும், பலர் அதைக் கவனிக்காமல் அனுப்பிவிடுகிறார்கள். நியூஜெர்சி ரிட்டர்னில் சூதாட்ட வருமானத்துக்கென்று உள்ள இடத்தில் 13,000 இருக்கிறதா, என்ஜே-சிஓஜே-யில் கிரெடிட் 399-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். பென்சில்வேனியா ரிட்டர்னின் பிரதியையும் 614 கட்டிய ரசீதையும் எடுத்து வையுங்கள். கிரெடிட்டுக்கு ஆதாரம் கேட்டால் அவற்றைத்தான் காட்ட வேண்டும்.

மத்திய வரி 4,400, பென்சில்வேனியா 614, நியூஜெர்சி 319. மொத்தம் ஏறக்குறைய 5,333 டாலர். ஜாக்பாட் பணத்திலிருந்து அந்தத் தொகையை இன்றே வேறு கணக்குக்கு மாற்றி வைத்துவிடுங்கள். மூன்று ரிட்டர்னுக்கும் கடைசி நாள் 2026 ஏப்ரல் 15, புதன்கிழமை. உங்கள் சம்பளத்தில் 2025-இல் பிடித்த மத்திய வரி, அதற்கு முந்தைய 2024-இன் மொத்த வரிக்குக் குறையாமல் இருந்தால், முன்கூட்டிக் கட்டாததற்கான அபராதமும் இராது. 2024-இல் உங்கள் வருமானம் 1,50,000-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் அது 110 சதவீதமாக இருக்க வேண்டும். 2024-க்கான மத்திய ரிட்டர்னான 1040 படிவத்தை எடுத்து அந்த எண்ணை ஒரு தடவை சரிபாருங்கள்.